சித்தேரிக்கு மழைச்சோறு

பிப்ரவரி 3

எனக்கு ஞாபக மறதி வந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. தபால் நிலையத்தில் ஒரு முறை குடையை விட்டுவிட்டு வந்தேன். குடையைத் தொலைக்காதவர்கள் இந்த ஊரில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதை எடுத்து வந்து கொடுத்த தபால்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார் போலிருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் மகன் சுதாகர் வரைக்கும் செய்தி போய்விட்டது. “தனியா இருக்க வேணாம்மா, இங்க வந்துடு” என்று மறுபடியும் ஆரம்பித்திருக்கிறான்.

ஆகவே இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். யாராவது கேட்டால் காட்டலாம்.

இன்னொரு தவறையும் திருத்திவிடுகிறேன். என்னை எல்லோரும் டாக்டரம்மா என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. என் கணவர் துரைவேலன் கால்நடை மருத்துவர். நான் கான்வென்ட்டில் பள்ளி இறுதி வரை படித்தவள். திருமணத்துக்குப் பின் அவருடைய ஊசிகளைக் கொதிக்க வைத்து, துடைத்து, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவள். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. பெட்டி மட்டும் அலமாரியில் இருக்கிறது.

மாமரங்களில் நல்ல பூ. முட்டி வலிக்கிறது.

பிப்ரவரி 6

ஏரிப் பாதுகாப்புக் குழு என்று மூன்று பேர் வந்தார்கள். தலைவி எழிலரசி, வக்கீல். முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டாள். மற்ற இருவரும் விடவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ச் சித்தேரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைக் கிடங்கு கட்டும் ஒரு கம்பெனி மண் கொட்டி மூடிவிட்டது. எட்டு வருடமாக ஏரி நிரம்பி வழிந்து கோடி போகவில்லை. குழு பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறது. கால்வாயை அளந்து வரைபடம் போட ஆள் வைக்க வேண்டும். அதற்கு நிதி திரட்ட ஒரு நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். பள்ளி மைதானத்தைத் தருவதாகச் சொன்னவர்கள் இப்போது கையை விரித்துவிட்டார்கள். மீதி இருப்பது ரோட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் மாந்தோப்புதான்.

“மார்ச் ஒண்ணு, ஒரே ஒரு சாயங்காலம், மேடம். பூவ ஒருத்தரும் தொட மாட்டாங்க” என்றாள்.

அந்தத் தோப்பைத்தான் கம்பெனியும் கேட்கிறது. கிடங்குக்கு லாரி போக வேறு வழி கிடையாது. சுதாகருக்கு விற்றுவிட எண்ணம். என் பெயரில் இருப்பதால் அவனால் முடியவில்லை. இதை எழிலரசியிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

“வாயால கேட்டா எப்படி? விண்ணப்பம் எழுதிக் கொண்டு வாங்க” என்றேன்.

கூட வந்த தாடிக்காரப் பையன் சிரித்தான். எழிலரசி சிரிக்கவில்லை. “நாளைக்கே தரேன் மேடம். பேனாவா, டைப் பண்ணியா?” என்று கேட்டாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 7

விண்ணப்பம் வந்தது. பேனாவில். ஒரே ஒரு பிழை. சம்மதம் எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 9

இன்று வீட்டில் சத்தம்.

கச்சேரி நோட்டீஸை என்னிடம் காட்ட எழிலரசி வந்திருந்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘சித்தேரிக்கு ஒப்பாரி’ என்று போட்டிருந்தார்கள். சிவப்புப் பென்சிலால் அடித்தேன். ஒப்பாரி என்பது இறந்தவர்களுக்கு. ஏரி இறக்கவில்லை. இறந்துவிட்டது என்று நாமே அச்சடித்துக் கொடுத்தால் வழக்கு எதற்கு?

“அது ஒரு உருவகம் மேடம். சென்னையில இருந்து வர்றவங்களுக்கு மனசுல தைக்கும்” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு பூங்காவனம் வந்தாள். பாட்டுக் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி. எட்டு பெண்கள், எல்லாம் ஏரிக்கரைத் தெரு. ஒரு காலத்தில் அவளுடைய பசுக்களை என் கணவரிடம் ஓட்டிக்கொண்டு வருவாள். பசுவைவிட அவள் போடும் சத்தம் அதிகம். வாய் நிறைய வெற்றிலையுடன், தன்னிடம் வந்திருந்த நோட்டீஸ் பிரதியை ஆட்டினாள்.

“இன்னாம்மா இது வக்கீலம்மா? எவ ஒப்பாரி வெக்கறது? உசுரோட கெடக்கறதுக்கு எவளாச்சும் மாரடிப்பாளா? எங்க தெருவுல ஒருத்தியும் வரமாட்டா. வேணும்னா நீயே குந்தினு அழு!”

எழிலரசி விடவில்லை. “போன வருஷம் கூத்துல பாடினீங்களே?”

“அது ராசா செத்த கதை. அவன் செத்துட்டான், பாடினோம்.”

“அப்ப ஏரி கோடி போறப்ப கும்மி அடிப்பீங்களே, அதைப் பாடலாமா?”

“தண்ணி வந்தாத்தான அந்தப் பாட்டு? வராத தண்ணிக்குக் கும்மி அடிச்சா கம்பெனிக்காரன் சிரிப்பான்.”

அழவும் முடியாது, ஆடவும் முடியாது. நான் காப்பி போட்டேன். பூங்காவனம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குடித்தாள். குடித்து முடித்ததும் அவளே சொன்னாள்.

“திட்டலாம்.”

மழைச்சோறு. மழை பொய்த்துப் போனால் இந்தப் பக்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத கஞ்சி வாங்கி, ஒரே பானையில் ஊற்றி, ஏரிக்கரையில் குடித்துவிட்டு, ஊரை விட்டே போகிறோம் என்று மழையைத் திட்டிப் பாடுவார்கள். செத்தவர்களுக்கான பாட்டு இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்களின் பாட்டு.

“கச்சேரி மாசி மாசத்துல ஆச்சே. மழைக்குக் காலமா?” என்று கேட்டேன்.

“திட்டறதுக்குக் காலம் ஏது டாக்டரம்மா? ஆனா ஒண்ணு. எல்லா ஊட்லயும் கஞ்சி எடுக்கணும். உங்க ஊட்ல மட்டும் எந்தக் காலத்துலயும் எடுத்ததில்ல. கேட்டு சாத்தியே இருக்கும்.”

“நாய்க்காகச் சாத்தியிருந்தோம்” என்றேன்.

“நாயி செத்து எத்தினி வருசம் ஆவுது?” என்றாள்.

நோட்டீஸைத் திருத்தினேன்: ‘சித்தேரிக்கு மழைச்சோறு’. எழிலரசி அதையே அச்சுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 11

எரிவாயு சிலிண்டர் இரண்டு வந்தது. இரண்டு முறை பதிவு செய்திருப்பதாக அந்த ஆள் போனைக் காட்டினான். அவர்களுடைய கம்ப்யூட்டர் கோளாறு. திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரி 13

பூங்காவனம் வந்து மொச்சை உரித்துக் கொடுத்தாள். சுதாகர் போனில் பேசினான். பெங்களூரில் குளிராம்.

பிப்ரவரி 17

சிவப்புப் பென்சில் நாலு நாளாகக் காணவில்லை. இன்று ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் இடத்தில் இருந்தது. யாரோ வைத்திருக்கிறார்கள். பூங்காவனமாக இருக்கலாம். ஆனால் அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து நான் பார்த்ததில்லை.

வெயில் இப்போதே இப்படி. மதியம் படுத்தால் எழுந்திருக்க மனமில்லை. எழுந்தால் எதற்காக எழுந்தோம் என்று சமையலறையில் நிற்க வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் எல்லோருக்கும் இது உண்டு.

பிப்ரவரி 20

மளிகைக் கடை நாகப்பன் பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்: “தோப்பைக் குடுத்துட்டீங்களாமே, டாக்டரம்மா? நல்ல விலையா?”

“பாட்டுக் கச்சேரிக்கு ஒரு சாயங்காலம் கொடுத்திருக்கிறேன். விலைக்குக் கொடுக்கவில்லை” என்றேன்.

“இல்லீங்க, கம்பெனி மேனேஜர் நேத்து டீக்கடையில சொல்லினு இருந்தாரு. உங்க பையனே சொல்லிட்டாராம்.”

“அவன் சொல்லுவான். கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.”

சொல்லிவிட்டு நடந்து வந்தேன். பாதி வழியில் நிழல் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. வெயில்தான்.

சுதாகருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பான். அவனும் பாவம், நிற்க நேரமில்லாமல் ஓடுகிறான். திரும்பிக் கூப்பிட்டானா என்று தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 24

போலீஸ் அனுமதி வந்துவிட்டது. கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். இரண்டும் நியாயமே. நானாக இருந்தால் ஒன்பது என்று போட்டிருப்பேன்.

எழிலரசி மின்சாரத்துக்கு ஆள் கூட்டி வந்தாள். முகம் வாடியிருந்தது. தீர்ப்பாயத்தில் அடுத்த வாய்தாவுக்குள் வரைபடம் கொடுக்காவிட்டால் வழக்கு நிற்காதாம். “தோப்பு மட்டும் கைமாறிடக் கூடாதுங்கம்மா. லாரி போக வழி கிடைச்சிட்டா அப்புறம் எந்தத் தீர்ப்பு வந்தும் பிரயோசனம் இல்ல” என்றாள். மேடம் என்பது அம்மா ஆகியிருக்கிறது. நான் திருத்தவில்லை.

பூங்காவனம் சொன்னது: கஞ்சியில் உப்புப் போடக் கூடாது. உப்புப் போடக் கூடாது என்பதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்கிறேன். கேழ்வரகு மாவு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 27

மாவு வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பொட்டலம் இருந்தது.

மார்ச் 2

நேற்று எழுத முடியவில்லை. கை ஓய்ந்துபோயிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்காவனத்தின் ஆட்கள் ஜமக்காளம் விரித்தார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிளைகளில் ஒயரைக் கட்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது ரோட்டில் ஜே.சி.பி. வந்து நின்றது. ஜீப்பிலிருந்து கம்பெனி மேனேஜர் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, வணக்கம் வைக்கத் தெரிந்தவர்.

“இன்னைக்கு வழிக்கு அடையாளம் போட வந்தோம்மா. ஓரமா நாலு மரம்தான் போகும். கிரயம் அடுத்த வாரம் வெச்சிக்கலாம்.”

“யார் சொன்னது?”

“நீங்கதாம்மா. உங்க பையன்கிட்ட போன்ல சரின்னு சொன்னீங்களாமே. பதிமூணாந்தேதி. அவரு அன்னைக்கே எனக்குச் சொல்லிட்டாரு.”

நான் சொல்லவில்லை என்றேன். அவர் பணிவாகத் தலையாட்டினார். சிறு குழந்தை பொய் சொன்னால் பெரியவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். “பரவாயில்லம்மா. வயசானா சிலது நிக்காது. பையன் சொல்லியிருக்காரு” என்றார். மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழிலரசியும் பார்த்தாள். அவள் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே போய் இந்த நோட்டை எடுத்து வந்தேன். பதிமூன்றாம் தேதியைத் திருப்பினேன். மொச்சை. சுதாகர் பேசினான். பெங்களூரில் குளிர். அவ்வளவுதான் இருந்தது. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படிக்கும்போதே அது எதையும் நிரூபிக்கவில்லை என்று தெரிந்தது.

அப்போது பூங்காவனம் ஜமக்காளத்தை உதறிப் போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“யோவ், அன்னைக்கி நான் பக்கத்துலதான் குந்தினு மொச்ச உரிச்சினு இருந்தேன். அம்மா அவங்க புள்ளகிட்ட அப்பிடி ஒரு வார்த்த சொல்லல. சாமி மேல ஆணை. பெரியவங்கள மறதின்னு சொல்லி மரத்த வெட்டிடலாம்னு பாக்கறியா? உன்ன உங்கம்மா மறந்துடப் போறா, ஊட்டுக்குப் போ!”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். எழிலரசி நிதானமாக, “கையெழுத்து போட்ட தாள் ஏதாவது இருக்கா சார்? இல்லைன்னா இது அத்துமீறல்” என்றாள். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் ஜே.சி.பி. பின்னால் நகர்ந்தது.

சாயங்காலம் கூட்டம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். சென்னையிலிருந்து வந்தவர்கள் கிடார் வாசித்தார்கள். கொசுவுக்கு நடுவில் வாசித்தார்கள் என்பதற்காகப் பாராட்டலாம். பறை அடித்த பெண்கள் நன்றாக அடித்தார்கள். மாம்பூ உதிர்ந்தது. சொன்னபடி யாரும் பூவைத் தொடவில்லை, சத்தமே உதிர்த்துவிட்டது.

பிறகு பூங்காவனமும் எட்டு பேரும் பானையைத் தூக்கிக்கொண்டு சபையைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்த கஞ்சியை ஊற்றினார்கள். கூடவே நிதிக்கான பெட்டியும் வந்தது. பாட்டு இப்படிப் போயிற்று:

கண்ண மூடித் தூங்குறியே கார்மேகத் துரையே
கஞ்சியில உப்பும் இல்ல, குடிச்சுப் பாரு வெறுமே
வாய்க்காலு அடச்சவனுக்கு வாசல் தொறந்து வெச்ச
வக்கத்த மழையே உனக்கு வெக்கம் எப்ப வருமே

கேட்டவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது முறை பாடும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் தெரிந்த ஏரியில் கருவேலம்தான் இருந்தது.

என் முறை வந்தது. என் பாத்திரத்தைப் பானையில் சாய்ப்பதற்கு முன் பூங்காவனம் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பாட்டை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து காதோடு சொன்னாள்: “உப்பு போட்டுட்டீங்க டாக்டரம்மா. பரவால்ல. மழைக்குக் கொஞ்சம் தாகம் எடுக்கட்டும்.”

ஊற்றிக்கொண்டாள்.

நான் உப்புப் போடவில்லை.

இருபத்து நான்காம் தேதியைப் பார்த்தேன். அடிக்கோடு இருக்கிறது. இரண்டு முறை எழுதியும் இருக்கிறது.

மார்ச் 3

பூங்காவனத்தை வரச் சொன்னேன். பாத்திரம் வாங்க வந்தவள் போல வந்தாள்.

“பதிமூன்றாம் தேதி நான் சுதாகரிடம் என்ன சொன்னேன்?” என்று கேட்டேன்.

“அத எதுக்கும்மா இப்ப கிளறிக்கினு?”

“கேட்டதுக்குப் பதில் சொல்.”

முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். “போன எடுத்தீங்க. அவரு என்னமோ ரொம்ப நேரம் பேசினாரு. நீங்க கேட்டுக்கினே இருந்தீங்க. அப்பறம், ‘நீங்க சொன்னா சரிதாங்க, தோப்பை உங்க இஷ்டப்படி செய்யுங்க. ஊசியெல்லாம் கொதிக்க வெச்சுட்டேன். வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுங்க’ன்னு சொல்லிட்டு வெச்சிட்டீங்க.”

“அப்படியானால் ஏன் அந்த ஆளிடம் பொய் சொன்னாய்?” என்றேன்.

“பொய் எங்கம்மா சொன்னேன்? புள்ளகிட்ட சொல்லலன்னுதான சொன்னேன். நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்க.” எழுந்து பாத்திரங்களை எடுத்தாள். “டாக்டரு அந்தத் தோப்ப வித்திருப்பாரா? நீங்களே சொல்லுங்க.”

போகும்போது கேட்டைச் சாத்தப் போனாள். திறந்தே இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 4

அலமாரியைத் திறந்து ஊசிப் பெட்டியைப் பார்த்தேன். ஊசிகள் பளபளப்பாக இருந்தன. பெட்டிக்குள் ஈரம்.

மார்ச் 6

எழிலரசி வந்தாள். அளவை ஆள் வேலையை ஆரம்பித்துவிட்டான்; வாய்தாவுக்குள் முடிந்துவிடுமாம். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. கச்சேரியின் நடுவில் மைக் இரண்டு முறை நின்றதற்கு மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தேன்.

“உங்க பையன் எனக்குப் போன் பண்ணினாரு அம்மா. கோபமாத்தான் ஆரம்பிச்சாரு. கடைசியில அழுதுட்டாரு” என்றாள். “அம்மா அவ்வளவு தெளிவா சரின்னாங்க, நான் வேற எப்படி எடுத்துக்கறதுன்னு கேட்டாரு.”

அவளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல அவளை எழுத விடாமல், சுதாகருக்கு நானே கடிதம் எழுதினேன். அவள் படித்துப் பார்த்து ஒன்றும் திருத்தவில்லை. கடிதம் இன்று தபாலில் போயிற்று. பிரதி இங்கே. நாளைக்கு நான் இதை எழுதவில்லை என்று சொல்லக்கூடும் என்பதால் பிரதி எடுக்கிறேன்.

சுதாகருக்கு,

நீ கம்பெனிக்காரரிடம் சொன்னது பொய் இல்லை என்று தெரிந்துகொண்டேன். பதிமூன்றாம் தேதி நான் சரி என்றது உண்மை. ஆனால் உனக்குச் சொல்லவில்லை. போனில் உன் குரல் உன் அப்பாவின் குரல் மாதிரியே இருக்கிறது. வயது ஆக ஆக இன்னும் அதிகமாக இருக்கிறது. இது உன் குற்றமில்லை.

ஆகவே இனி தோப்பைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ நான் போனில் சொல்லும் எதையும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே. நான் சம்மதித்தால் என் கையால் எழுதித் தருவேன். தோப்பை விற்கச் சம்மதம் இல்லை. வழக்கு முடியும்வரை அந்த வழியில் யாரும் கால் வைக்கக் கூடாது. அதைக் கம்பெனிக்கு நீயே எழுத்தில் தெரிவி. சொன்னவன் நீ என்பதால் மறுக்க வேண்டியவனும் நீதான்.

பதிலுக்கு, மறதிக்குக் காட்டலாம் என்று நீ இரண்டு வருடமாகச் சொல்லும் அந்த டாக்டரைப் பார்க்க நான் வருகிறேன். தேதி குறி. நீயே கூட வர வேண்டும். உள்ளே அவர் கேட்கும் கேள்விகளுக்கு எனக்கு முன்னால் நீ பதில் சொல்லக் கூடாது.

பூங்காவனம் ராத்திரி இங்கே படுத்துக்கொள்கிறாள். குறட்டை அதிகம். சமாளித்துக்கொள்கிறேன்.

போன் செய்யாதே. உங்கள் இருவர் குரலும் ஒன்று; கையெழுத்து ஒன்றில்லை. அவர் எழுத்து சாய்ந்திருக்கும், உன் எழுத்து கோணலாக இருக்கும். எழுத்தில் எனக்குக் குழப்பம் வராது. இதைப் படித்தாய் என்றும் ஒப்புக்கொண்டாய் என்றும் உன் கையால் எழுதித் தபாலில் பதில் அனுப்பு.

அம்மா